கடல் சூடேறினால் வயலுக்கு என்ன? - காலநிலை மாற்றத்தின் காரணங்களும் விளைவுகளும்

சம்மாந்துறையை அடுத்துள்ள வீரமுனை வயல்களால் சூழப்பட்ட கிராமம். கடல் அதற்குக் கிழக்கே சில மைல் தொலைவில், காரைதீவுக் கரையில் இருக்கிறது. வீரமுனைக் கமக்காரர் கடலைப் பற்றிப் பேசுவது குறைவு. வாய்க்கால் தண்ணீரும் மழையுமே அவரது கவலை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் கரைவலை இழுப்பவரின் கவலையோ காற்றும் மீன்வரவும். இவ்விரு சாராரும் வெவ்வேறு உலகங்களில் வாழ்வதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால் கிராமக் கூட்டங்களில் இரு சாராரும் எழுப்பும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: "காலம் ஏன் இப்படி மாறிப்போனது?" விதைத்த வயல் மழையின்றிக் காய்கிறது. பின்னர் ஒரே கிழமையில் பெய்யும் மழை அதே வயலை மூழ்கடிக்கிறது. இதற்கு விதியைக் காரணம் சொல்வோர் உண்டு. எல்லாம் பணக்கார நாடுகளின் வேலை, நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரிப்போரும் உண்டு. இரண்டு பதில்களும் நம்மைச் செயலற்றவர்களாக்கி விடுகின்றன.

நமது வயலில் பெய்யும் மழை கடலின் சூட்டோடு பிணைந்தது. ஆகவே விவசாயியும் மீனவரும் எதிர்நோக்குவது ஒரே பிரச்சினை. இதனை விளக்குவதே இந்தப் பாடத்தின் நோக்கம். கிராமக் குழுக்கள் இதைப் பகுதி பகுதியாக வாசித்து, இறுதியில் உள்ள வினாக்களைக் கலந்துரையாடலாம்.

1. வானிலை வேறு, காலநிலை வேறு

இன்று மழை பெய்யுமா, நாளை வெயில் எறிக்குமா என்பது வானிலை. பல ஆண்டுகளாக ஓரிடத்தில் நிலவும் மழை, வெப்பம், காற்று ஆகியவற்றின் பொதுவான ஒழுங்கு காலநிலை. இதனைக் கணிக்க ஆகக்குறைந்தது 30 ஆண்டுகாலப் பதிவுகளை எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு வருடம் மழை பிழைத்துவிட்டால் அதனைக் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. நமது முன்னோரும் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் கண்டவர்களே. 1978 நவம்பர் 23 அன்று இரவு மட்டக்களப்பையும் கல்முனைப் பகுதியையும் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. கேள்வி இதுதான்: இத்தகைய நிகழ்வுகளின் ஒழுங்கும் வலிமையும் மாறுகின்றனவா? மாறுகின்றன என்பதே உலகெங்கும் திரட்டப்பட்ட பதிவுகள் தரும் விடை.

2. வளிமண்டலம் என்னும் போர்வை

மார்கழி வாடைக்காற்றில் நாம் போர்வையைப் போர்த்துக்கொள்கிறோம். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நமது உடலின் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பூமிக்கும் அத்தகைய போர்வை ஒன்று உண்டு. சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. பூமி அச்சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களாக மீண்டும் வானுக்கு அனுப்புகிறது. வளிமண்டலத்தின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இக்கதிர்களைத் தடுப்பதில்லை. நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற சிறிதளவான வாயுக்களே அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியைப் பூமிக்கே திருப்பி அனுப்புகின்றன. இதுவே பச்சைவீட்டு விளைவு எனப்படுகிறது.

இந்தப் போர்வை தீயதன்று. அது இல்லாவிடின் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மறை 18 பாகை செல்சியஸாக இருந்திருக்கும்; நெல்லும் இராது, நாமும் இரோம். போர்வை அளவுக்கு மீறித் தடிப்பதே பிரச்சினை.

இது நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியுமன்று. காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்துவைப்பதை 1856 இல் யூனிஸ் பூட் என்ற அமெரிக்கப் பெண்மணியும், சில ஆண்டுகளின் பின் ஜோன் ரிண்டால் என்ற அயர்லாந்து விஞ்ஞானியும் பரிசோதனைகளால் காட்டினர். அவ்வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்பதை 1896 இல் சுவீடன் நாட்டு சுவாந்தே அரீனியஸ் கணக்கிட்டார்.

3. போர்வை தடித்தது எப்படி?

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட தாவரங்களும் கடல்வாழ் நுண்ணுயிர்களுமே நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் மாறின. இயற்கை மிக மெதுவாக மண்ணுக்குள் சேமித்த காபனை, கைத்தொழில் புரட்சிக்குப் பிந்திய இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் மனிதர் எரித்து ஆகாயத்தில் விட்டனர். காடழிப்பும் இதனுடன் சேர்ந்தது. மரம் தன் உடலில் காபனைச் சேமித்து வைக்கிறது. எரித்தாலோ உக்கவிட்டாலோ அக்காபன் மீண்டும் காற்றுக்குப் போய்விடும்.

கைத்தொழில் புரட்சிக்கு முன் காற்றின் மில்லியன் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. சார்ள்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இன்று 420 ஐத் தாண்டிவிட்டது.

இதற்குச் சூரியன் காரணமாக இருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். சூரியன் காரணமானால் வளிமண்டலத்தின் மேற்படையும் சூடேற வேண்டும். ஆனால் கீழ்ப்படை சூடேற, மேற்படை குளிர்ந்து வருகிறது. கீழிருந்து செல்லும் வெப்பத்தைப் போர்வை பிடித்துக்கொள்வதன் அடையாளம் இது.

மெதேன் இரண்டாவது முக்கிய வாயு. நீர் தேங்கிய வயல், ஆடுமாடுகளின் இரைப்பை, குப்பைமேடு, எண்ணெய்க் கிணறு ஆகியவற்றிலிருந்து அது வெளியேறுகிறது. காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்கினாலும், நூறாண்டுக் கணக்கில் அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவிலிருந்து நைத்திரசு ஒட்சைட்டு வெளியேறுகிறது. அது இன்னும் பன்மடங்கு வலியது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். ஓசோன் படையில் விழுந்த ஓட்டையே பூமி சூடேறுவதற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். அது வேறு பிரச்சினை. ஓசோன் படை சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் அதனை அரித்தன. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை மூலம் உலக நாடுகள் அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தியதால் அப்படை மெல்ல மீண்டு வருகிறது. நாடுகள் ஒன்றுபட்டால் காற்றைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

4. சூடு எங்கே போகிறது?

பலர் அறியாத உண்மை இதுதான்: போர்வை தடித்ததால் பூமியில் தங்கிவிடும் மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கும் மேற்பட்டதைக் காற்று வைத்திருப்பதில்லை, கடல் விழுங்கிக்கொள்கிறது. ஒரு கனமீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க, அதேயளவு காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். வெறும் சட்டி உடனே சுடுவதையும், சட்டியில் உள்ள தண்ணீர் கொதிக்க நேரமெடுப்பதையும் நமது தாய்மார் அறிவர். கடல் அந்தத் தண்ணீர். அது இருப்பதாற்றான் உலகின் சராசரி வெப்பநிலை இதுவரை ஒன்றரைப் பாகைக்குக் கிட்டிய உயர்வோடு நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு, கைத்தொழில் காலத்துக்கு முந்திய நிலையிலும் பார்க்க 1.5 பாகையைத் தாண்டிய முதலாவது ஆண்டாகப் பதிவாகியது.

கடல் நமக்காகச் சுமக்கும் இச்சுமையால் கடலுக்கு நேர்வது என்ன?

(அ) கடல் விரிகிறது. சூடேறிய நீர் கூடுதல் இடம் பிடிக்கும். நிலத்தின் மேல் உள்ள பனிக்கட்டிகளும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்து வருகிறது. ஒரு சாண் அளவுதானே என்று தள்ளிவிடலாகாது. தட்டையான நமது கரையோரத்தில் அந்த ஒரு சாணே கிணற்று நீரை உவராக்கவும், வெள்ளம் வடிவதைத் தாமதப்படுத்தவும் போதுமானது.

(ஆ) கடல் புளிக்கிறது. மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடலில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. கைத்தொழில் காலத்துக்கு முன்பிருந்ததிலும் பார்க்க மேற்பரப்பு நீரின் அமிலத்தன்மை ஏறத்தாழ 30 வீதம் கூடியுள்ளது. சிப்பியும் முருகைக்கல்லும் தமது ஓட்டைக் கட்டிக்கொள்வது இதனால் கடினமாகிறது.

(இ) கடலுக்கு மூச்சு முட்டுகிறது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 1960 களுக்குப் பின் உலகக் கடல்கள் தமது ஒட்சிசனில் ஏறத்தாழ 2 வீதத்தை இழந்துள்ளன. மேல்நீர் சூடேறி இலேசாக மிதக்கும்போது, அடியில் உள்ள சத்துள்ள குளிர்நீர் மேலே வருவது குறைகிறது. மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்களும் குறைகின்றன. மீன் குளிர்ந்த இடம் தேடி ஆழத்துக்கோ தூரத்துக்கோ போகிறது.

(ஈ) முருகைக்கற்கள் வெளிறுகின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், முருகை உயிரி தனக்கு உணவும் நிறமும் தரும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடல்களின் முருகைப் பாறைகள் இவ்வாறு பெரிதும் வெளிறின. முருகைப்பார் மீன்குஞ்சின் தொட்டில், கரைக்கு அலைதாங்கி. தொட்டிலும் வேலியும் ஒன்றாகவே போய்விடுகின்றன.

5. கடலிலிருந்து வயலுக்கு

இனி வீரமுனைக்கு வருவோம். பெரும்போகத்துக்கு நாம் நம்பியிருக்கும் மழை எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும், அவற்றையடுத்து வீசும் வடகீழ்ப் பருவக்காற்றும் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து பொழிகின்றன. மழையின் தாய்வீடு கடல். தாய்வீடு சூடேறினால் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன.

முதலாவதாக, காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைச் சுமக்க வல்லதாகிறது. சாக்குப் பெரிதானால் நிரம்ப நாளெடுக்கும். நிரம்பியபின் கொட்டும்போது அதிகமாகக் கொட்டும். இடைவெளி நீண்டு, பெய்யும்போது பேய்மழையாவது இதனாலேயே. இரண்டாவதாக, சூறாவளிக்கு வலுவூட்டுவது கடல்மேற்பரப்பின் சூடு. ஏறத்தாழ 26 பாகைக்கு மேற்பட்ட நீரிலேயே அது உருவாகிறது. சூறாவளிகளின் எண்ணிக்கை கூடாவிடினும், அவற்றுள் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். உலகில் விரைவாகச் சூடேறும் கடற்பகுதிகளில் நமது இந்து சமுத்திரமும் ஒன்று.

நாம் கண்டவற்றை நினைவுகூர்வோம். 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வெள்ளம் பாதித்தது. கதிர் விளைந்த வயல்கள் அழிந்தன. 2016, 2017 இல் நாடு கடும் வரட்சியைக் கண்டது. 2024 நவம்பர் 26 அன்று, பின்னர் பெங்கால் சூறாவளியாக மாறிய தாழமுக்கம் கொண்டுவந்த வெள்ளத்தில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் ஒன்று அள்ளுண்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் அதில் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இவற்றுள் ஒவ்வொன்றிலும் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பது தனித்தனியே ஆராய வேண்டியது. ஆனால் சூடான கடலும் ஈரம் மிகுந்த காற்றும் இத்தகைய அழிவுகளின் வாய்ப்பையும் வேகத்தையும் கூட்டுகின்றன.

வெப்பமும் தன் பங்குக்கு நெல்லைத் தாக்குகிறது. பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களில் இது பெரும் இடர்.

6. எல்லாப் பழியும் காலநிலைக்கா?

உண்மையைத் தேடுவோர் எதையும் எதன்மேலும் சுமத்தலாகாது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் சுமாத்திராவுக்கு அருகே நிகழ்ந்த பூமியதிர்ச்சியால் வந்தது. அதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. ஒலுவிலில் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டதற்குக் காரணம், கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தமை. வடிகாலை நிரப்பி வீடு கட்டியதும், கண்டல் காட்டை வெட்டியதும், ஆற்றுமணலை அள்ளியதும் மனிதர் கண்முன்னே செய்தவை.

இவ்வாறு பிரித்தறிவது ஏன் முக்கியம்? காலநிலையின்மேல் பழிபோட்டால், தவறாகத் திட்டமிட்டவர்கள் தப்பிவிடுவர். மறுபுறம், உள்ளூர்த் தவறுகளை மட்டும் பார்த்தால் உலகின் பெரிய அநீதி மறைந்துவிடும். புண்பட்ட கரையில்தான் உயரும் கடல் முதலில் ஏறும்.

7. யார் பொறுப்பு?

இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலக சராசரி நாலு தொன்னுக்கும் மேல். அமெரிக்கர் ஒருவரது பங்கு 14 தொன் அளவு. வரலாறு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், இதுவரை வெளியேறியதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. இன்று ஆண்டுதோறும் மிக அதிகமாக வெளியேற்றும் நாடு சீனா. காரைதீவில் வலை இழுப்பவரும் வீரமுனையில் நாற்று நடும் பெண்ணும் இக்கணக்கில் தூசுக்குச் சமானம். கடனைப் பட்டவர் ஒருவர். வட்டி கட்டுபவர் இன்னொருவர்.

1992 இல் ரியோ மாநாட்டில் நாடுகள் காலநிலைச் சமவாயத்தில் கைச்சாத்திட்டன. 2015 இல் பாரிஸில், வெப்ப உயர்வை 2 பாகைக்குக் கீழேயும், முடிந்தால் 1.5 பாகையோடும் நிறுத்த உடன்பட்டன. இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்ய ஒரு நிதியம் வேண்டும் என்ற ஏழை நாடுகளின் கோரிக்கை 2022 இல் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் ஏற்கப்பட்டது. அதில் சேரும் பணம் தேவையோடு ஒப்பிடச் சிறிது. இது பிச்சை கேட்கும் விடயமன்று, நியாயம் கேட்கும் விடயம். அதேவேளை நமது நாடும் நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தை நடத்துகிறது. வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள நாட்டில் வேறு வழி தேடும் கடமை நமக்கும் உண்டு.

8. நாம் செய்யக்கூடியவை

கடலை நாம் குளிர்விக்க முடியாது. ஆனால் வரும் அடியைத் தாங்கும் ஆற்றலைக் கட்டியெழுப்பலாம்.

முதலாவது, முகத்துவாரம். கோடையில் ஆற்றுநீர் குறைய, அலை கொண்டுவரும் மணல் ஆற்றுவாயை அடைத்துவிடும். மாரியில் அதனை வெட்டிவிட்டாற்றான் வெள்ளம் வடியும். பிந்தினால் கமக்காரரின் பயிர் அழுகும். முந்தினால் களப்பில் வளரும் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போகும். உவர்நீர் உள்ளே ஏறும். ஆண்டுதோறும் வெள்ளம் கழுத்துக்கு வந்தபின் இதற்காக அவசரமாகக் கூடுகிறோம். சிலவேளை சச்சரவும் வந்துவிடுகிறது. கடல்மட்டம் உயர உயர வெள்ளம் வடியும் சரிவு குறையும். இந்த இழுபறி இன்னும் கூடும். ஆகவே பெரும்போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு மீனவர் சங்கத்தினரையும் அழைக்கவேண்டும். நீர்மட்டத்தைக் காட்டும் அளவுக்கம்பம் ஒன்றை நட்டு, எந்த மட்டத்தில் வெட்டுவது, யார் அறிவிப்பது என்று முன்கூட்டியே எழுதி இணங்கவேண்டும். இதனால் பெருவெள்ளம் நின்றுவிடாது. ஆனால் இழப்பும் பகையும் குறையும்.

இரண்டாவது, வயல்நீர். தண்ணீரைக் கட்டுப்படுத்தக்கூடிய சிறுபோகத்தில் வயலை எந்நேரமும் மூழ்கவிடத் தேவையில்லை. துளையிட்ட 30 சென்ரிமீற்றர் குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கியபின் மீண்டும் பாய்ச்சலாம். நாற்று வேர்பிடிக்கும் காலத்திலும் பூக்கும் காலத்திலும் மட்டும் நீர் கட்டவேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இம்முறையால் தண்ணீரும் மிஞ்சுகிறது, மெதேனும் பெரிதும் குறைகிறது. கல்லோயா நீரின் கடைசிப் பங்கை எதிர்பார்த்திருக்கும் நமது வயல்களுக்கு, மேலே மிஞ்சும் ஒவ்வொரு துளியும் உதவும்.

மூன்றாவது, எச்சரிக்கை. 2024 இல் மாவடிப்பள்ளியில் போன உயிர்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. வெள்ளம் பாயும் வீதியை யார் மூடுவது, பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு அனுப்புவது அல்லது அனுப்பாமல் நிறுத்துவது என்பதைப் பாடசாலை, மத்ரஸா, கோவில், பள்ளிவாசல், கிராம உத்தியோகத்தர் எல்லோரும் மாரிக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

நாலாவது, வேலி. கண்டலும் கரையோரத் தாவரங்களும் அலைக்கும் காற்றுக்கும் தடை. இருப்பதைக் காப்பது, புதிதாக நடுவதைவிட மலிவானது, பயனும் கூடியது.

இப்பிரதேசம் 1990 களில் அச்சத்தாலும் இழப்பாலும் பிரிந்து கிடந்தது. அந்தக் காயங்கள் முற்றாக ஆறிவிட்டன என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வெள்ளம் எல்லை பார்ப்பதில்லை. சம்மாந்துறையின் நீர் வீரமுனைக்கும் மாவடிப்பள்ளிக்கும் காரைதீவுக்கும் பொதுவானது. அதனை வடியவிடும் ஆற்றுவாயும் பொதுவானது. முகத்துவாரத்தை வெட்டும் நாளைத் தமிழரும் முஸ்லிம்களும், கமக்காரரும் மீனவரும் ஒரே மேசையில் இருந்து தீர்மானித்தால், காலநிலை மாற்றத்துக்கு இக்கரை தரும் முதலாவது பதில் அதுவாக இருக்கும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் கிராமத்தின் மூத்தவர்கள் நினைவுகூரும் பெருவெள்ளங்களையும் வரட்சிகளையும் ஆண்டுவாரியாக எழுதிப் பாருங்கள். என்ன மாற்றம் தெரிகிறது?

2. உங்கள் பகுதியில் வெள்ளம் தங்குவதற்கான காரணங்களுள் காலநிலை சார்ந்தவை எவை? மனிதர் இங்கேயே செய்தவை எவை?

3. உங்கள் வயலின் வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது? அவ்வழியில் வாழ்பவர்களுடன் கடைசியாக எப்போது பேசினீர்கள்?

4. அடுத்த மாரிக்கு முன் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியத்தைத் தெரிவுசெய்யுங்கள். யார், எப்போது, எவருடன் சேர்ந்து அதைச் செய்வது?